கண்டோர் கூற்று

குன்னூர் மவுண்ட் ரோட்டில் இருக்கும் என் கடைக்கு யாரும் என்னைத் தேடி வருவதில்லை. பெயர்ப் பலகையில் முத்துராஜ் என்று பெரிதாகத்தான் போட்டிருக்கிறேன். ஆனாலும் ஒரு வீட்டில் யாராவது தவறிவிட்டால், "ஏனுங்க, அந்தம்மா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் படியேறுவார்கள். நான் இருக்கிறேனே என்றால் மரியாதைக்கு ஒரு தலையாட்டல் கிடைக்கும், அவ்வளவுதான்.

அந்தம்மா என்றால் மருதாம்பாள் அக்கா. பி.ஏ. தமிழ் படித்தவர். என் கடையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வடிவமைக்கிறார். மேலே போட்டோ, நடுவில் நாலு வரிப் பாட்டு, கீழே துக்கப்படுகிறவர்களின் பெயர் வரிசை. மற்ற கடைகளில் ஏற்கெனவே எழுதி வைத்த பத்துப் பாட்டில் ஒன்றை எடுத்து ஒட்டிவிடுவார்கள். அக்கா அப்படிச் செய்ய மாட்டார். ஆளுக்கொரு பாட்டு புதிதாக எழுதுவார். அதற்கு முன்னால் வந்தவரை உட்கார வைத்து முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

"இது யாரு கூற்றுங்க?"

ஒருமுறை கூடலூரிலிருந்து வந்த ஷிஜோ என்கிற டிரைவர் இதைக் கேட்டுத் திருதிருவென்று விழித்தார். "கூற்றா? ஞங்கள் ஸ்டாண்டுல எல்லாரும் சேர்ந்து போடறோம் சேச்சி" என்றார். அக்காவுக்குச் சிரிப்பே வரவில்லை. பாட்டில் பேசுவது யார் என்று முடிவு செய்யாமல் ஒரு வரியும் எழுத முடியாது என்று பொறுமையாகச் சொன்னார். பழைய பாட்டிலெல்லாம் அப்படித்தானாம். தலைவி பேசினால் தலைவி கூற்று, தோழி பேசினால் தோழி கூற்று, பெற்ற தாய் பேசினால் நற்றாய் கூற்று. சம்பந்தமே இல்லாமல் வழியில் நின்று பார்த்தவர்கள் பேசினால் கண்டோர் கூற்று. "மனைவி அழுகறதும் மகன் அழுகறதும் ஒண்ணில்லீங்க. நீங்க கூட வண்டி ஓட்டுனவங்க. தோழன் கூற்றாப் போட்டுரலாம்" என்றார். ஷிஜோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் மண்டையில் ஏறவில்லை. கடையில் உட்கார்ந்து ஏறியது. மோனை, எதுகை இரண்டும் எனக்குக் குழம்பிக்கொண்டே இருக்கும். "வாசல்லயே பார்த்துக் கும்புடறது மோனை. உள்ள வந்து உக்காந்தப்புறம் தெரியற ஜாடை எதுகை" என்றார் அக்கா. முதல் எழுத்து, இரண்டாம் எழுத்து என்று வாத்தியார் பிரம்போடு சொன்னது நிற்கவில்லை, இது நின்றுவிட்டது. உவமைக்கும் உருவகத்துக்கும் அவர் சொன்ன வித்தியாசம் இன்னும் நன்றாக இருக்கும். செத்த வாரத்தில் வருகிறவர்கள் எல்லாரும் உருவகத்தில்தான் பேசுவார்களாம். "எங்க தூணு போயிருச்சுங்க" என்பார்கள். அதே ஆள் வருஷ நினைவு போஸ்டருக்கு வரும்போது, "அவரு தூணு மாதிரி இருந்தாருங்க" என்பார். நடுவில் ஒரு 'மாதிரி' வந்து உட்கார்ந்துகொண்டால் துக்கம் ஆறிவிட்டது என்று அர்த்தம். நான் அன்றிலிருந்து வருகிற ஆட்களைக் கவனித்துப் பார்க்கிறேன். தப்பவே இல்லை.

இவ்வளவு பேசுகிறாரே என்று நினைக்க வேண்டாம். பாட்டைப் பற்றித்தான் பேசுவார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை வராது. மதியச் சாப்பாட்டைக் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு என்றால் முகம் வாடிவிடும். "ஊட்டுல போய் யார்கிட்டங்க பேசறது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

குன்னூரில் எல்லாருக்கும் அவர் கதை தெரியும், யாரும் அவர் முன்னால் சொல்ல மாட்டார்கள். தேயிலை ஃபேக்டரியில் கிளார்க்காக இருந்த சில்வஸ்டரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் சர்ச், இவர் கோயில். அண்ணன் ஆறுக்குட்டி அன்றைக்கே, எனக்குத் தங்கச்சி கிடையாது என்று சொல்லிவிட்டார். குன்னூர் மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருந்தவர். சில்வஸ்டர் சில வருஷங்களிலேயே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். குழந்தை இல்லை. அப்போதாவது அண்ணன் வருவார் என்று ஊரே எதிர்பார்த்தது, அவர் வரவில்லை. ஒரே ஊர், ஒரே மார்க்கெட். எதிரில் தங்கை வந்தால் அவர் குடையைச் சாய்த்துக்கொண்டு போவார். மழை இல்லாத நாளிலும் கையில் குடை இருக்கும். இந்த மனிதர்மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

சில்வஸ்டருக்கு ஏன் போஸ்டர் போடவில்லை என்று புத்தியில்லாமல் ஒருநாள் கேட்டுவிட்டேன். "கீழ போட ஒரே பேருதான் இருந்துச்சுங்க தம்பி. போஸ்டர் நெறையாது" என்றார்.

போன ஆடியில் ஆறுக்குட்டி இறந்துபோனார். மாரடைப்பு. இறுதி ஊர்வலம் மார்க்கெட்டைத் தாண்டி எங்கள் ரோட்டில் வந்தபோது அக்கா எங்கள் கடைப் படியில் நின்று பார்த்தார். இறங்கிப் போகவில்லை. போங்கக்கா, நான் கூட வருகிறேன் என்றேன். "யாராச்சும் எதுனா சொல்லிட்டா தாங்க மாட்டேனுங்க" என்றார். ஆட்டமும் தப்பு மேளமும் மெயின் ரோடு திரும்புகிற வரைக்கும் நின்றுவிட்டு, உள்ளே வந்து பாதியில் விட்ட ஒரு காதுகுத்து பேனரை முடித்தார்.

மறுநாள் ஆறுக்குட்டியின் மூத்த மகன் கமலேஷ் என் வாட்ஸ்அப்புக்குப் போட்டோவும் பெயர்களும் அனுப்பினான். மனைவி, மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள். தங்கை இல்லை. பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அக்காவுக்குக் கேட்கும்படியாகவே அவனுக்குப் போன் போட்டேன்.

"கமலேஷ், உங்க அத்தை பேரு விட்டுப்போச்சு கண்ணு. சேர்த்திரட்டுமா?"

"அப்பா இருந்தப்பவே சேர்க்கலீங்களேண்ணா. இப்ப நான் எப்படிங்க சேர்க்கறது? அனுப்புனதை அப்படியே போட்டுருங்க" என்றான். கெட்ட பையன் இல்லை. அப்பன் போட்ட கோட்டைத் தாண்டப் பயம்.

போனை வைத்துவிட்டு, அவன் கிடக்கிறான் அக்கா, நானே சேர்க்கிறேன், என் கடை, என் மிஷின் என்று குதித்தேன். அக்கா தலையை நிமிர்த்தாமல், "பேரு அவங்க ஊட்டுதுங்க தம்பி. பாட்டு மட்டுந்தான் நம்மளுது" என்றார். பாட்டை எழுத உட்கார்ந்துவிட்டார்.

நான் பின்னால் போய் நின்றேன். முதலில் அடித்த வரி இப்போதும் எனக்கு மனப்பாடம். 'அடுப்பனல் காட்டியென் காலுறை உலர்த்தினாய் அண்ணா.' சின்ன வயதில் ஸ்கூலுக்குப் போகும் முன் தங்கையின் ஈரச் சாக்ஸை அடுப்புச் சூட்டில் காய வைத்துக் கொடுத்திருக்கிறார் போல. எனக்குத் தெரிந்த ஆறுக்குட்டி குடைக்காரர். இவர் வேறு யாரோ. அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார் அக்கா. பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.

"ஏங்கக்கா? நல்லா இருந்துச்சே!"

"அது தங்கச்சி கூற்றுங்க. கீழ தங்கச்சி பேரு இல்லையே."

அதற்குப் பிறகு அவர் எழுதியது இது:

முதல்பஸ் வருமுன்னே மூடுபனிக் குள்ளே
உதயம்போல் எரியும் உன்கடை விளக்கு!
கதவு சாத்தியதைக் கண்டுநின்றோம், ஐயா,
இதயம் கனக்கிறது, இனியார் திறப்பார்?

எதுகை நாலு வரியிலும் சரியாக விழுந்திருந்தது. ஒவ்வொரு வரியிலும் மோனை இருந்தது. எனக்குத்தான் ஆத்திரம் தீரவில்லை. "செத்த வாரத்துல உருவகம்தான் வரும்னு சொல்லுவீங்க. 'உதயம்போல்'னு உவமை போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"இது கண்டோர் கூற்றுங்க. ரோட்டுல நின்னு பார்த்தவங்களுக்கு உவமை போதும்" என்றார். குரல் எப்போதும்போல்தான் இருந்தது. அப்படியே பிரிண்டுக்கு அனுப்பிவிட்டார்.

போஸ்டர் அன்றைக்கே ஊரெல்லாம் ஒட்டியாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் ஒன்று. சாயங்காலம் கடை பூட்டியதும் வீட்டுக்குப் போகிற ஜெகதளா பஸ்ஸுக்கு அக்கா புறப்பட்டார். மனசு கேட்காமல் நானும் டீ குடிக்கிற சாக்கில் பின்னால் போனேன். பனிமூட்டம் இறங்கி, ஒட்டிய காகிதம் இன்னும் ஈரமாகவே இருந்தது. அக்கா அதன் எதிரில் நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில், எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிற ஒரு வயதான அம்மாள், தோளில் பை, தலையில் துண்டு. பெயர் மூக்கம்மா என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"தாயி, இது மளிகைக் கடைக்காரரு மொகமாட்டம் இருக்குதே. என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லு. எனக்கு எழுத்துத் தெரியாது."

அக்கா படித்தார். இரண்டு வரி அச்சில் இருந்தபடி வந்தது. மூன்றாவது வரியில், "கதவு சாத்தியதைக் கண்டுநின்றோம், அண்ணா" என்றார். அச்சில் இருந்தது 'ஐயா'. நாலாவது வரியையும் முடித்துவிட்டுப் பெயர்களுக்கு வந்தார். மனைவி பெயர், மகன்கள் கமலேஷ், யுவன், மருமகள்கள், பேரன் பேத்திகள் எல்லாம் வரிசையாகப் படித்தார். படித்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, அதே குரலில், "தங்கை மருதாம்பாள்" என்றார்.

நான் சுவரைப் பார்த்தேன். பேரன் பேத்திகளுக்குக் கீழே எங்கள் கடையின் போன் நம்பர்தான் இருந்தது.

மூக்கம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "தங்கச்சி வேற இருக்குதா அந்த மனுசனுக்கு? பாவம், எப்படித் தாங்குனாளோ."

"இன்னும் தாங்கலீங்கம்மா" என்றார் அக்கா.