பச்சைச் சவுக்காரம்

தீபாவளிக் காலையில் எங்கள் புந்தோங் வீட்டுக் குளியலறை வாசலில் இருந்தவர்கள்: எல்லாருக்கும் தலையில் எண்ணெய் வைத்துவிட்ட நான். முதலில் குளித்த என் அண்ணன். எதற்கும் நகராமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள். கடைசியாகக் குளிக்கப் போன அண்ணி. உள்ளே வாளிக்குப் பக்கத்தில் நான் செய்த பச்சைச் சவுக்காரம் இருந்தது.

அந்த வருஷம்தான் சவுக்காரம் செய்யக் கற்றேன். வகுப்பு எடுத்த டீச்சர், மெந்தால் சிட்டிகை போதும், கூடினால் தோலைக் கடிக்கும் என்றார். எனக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது. நாங்கள் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். தலைவலியோ வயிற்றுவலியோ, எரிகிற தைலத்தைத்தான் தேய்ப்போம். கண்ணில் தண்ணீர் வந்தால்தான் அது மருந்து. சீன மருந்துக்கடையில் மெந்தால் கட்டி வாங்கிக் கை நிறையப் போட்டேன். கிராம்புத் தைலமும் ஊற்றினேன்.

அண்ணன் நடுங்கிக்கொண்டே வெளியே வந்தார். "ஐஸ் பெட்டிக்குள்ள படுத்து எழுந்த மாதிரி இருக்கு லா!"

அண்ணி வந்தபோது இரண்டு கையும் சிவந்திருந்தன. கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் உறைய வைக்கிற இடத்தில் பல வருஷம் வேலை செய்தவர். ஆசிட் பட்டுப் பட்டு விரல் தோல் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சம்பளத்தில்தான் எனக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போகச் சப்பாத்து வாங்கித் தந்தார். எல்லாம் தெரிந்தும் கேட்டேன்.

"எரியுதா அண்ணி?"

"கொஞ்சம் சுள்ளுனு இருக்கு, தங்கச்சி."

"ஆசிட்டையே தாங்குன கை லா இது! எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

எல்லாரும் சிரித்தோம். அண்ணியும் சிரித்தார். அண்ணனும் அண்ணியும் கோப்பெங்குக்குக் கிளம்பும்போது ஆறு கட்டி சவுக்காரத்தைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து அண்ணன் போன் செய்தார். அண்ணிக்குக் கை வெடித்து நீர் வடிகிறது, சோறு பிசைய முடியவில்லை என்றார். நான்தான் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். தாதி நம் தமிழ்ப் பெண்தான். என்ன சவுக்காரம் போடுறீங்க என்று கேட்டாள். அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை.

"கடையில வாங்குறதுதாம்மா."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சாப்பாட்டு ஒவ்வாமையாக இருக்கும், இறால் சாப்பிட வேண்டாம் என்று சொல்லிக் களிம்பு கொடுத்து அனுப்பினார்கள்.

காரில் கேட்டேன். "ஏன் அண்ணி அப்படிச் சொன்னீங்க?"

"நீ செஞ்சதுன்னு சொன்னா அந்தப் புள்ள ஒன்னைத் திட்டும்ல."

"எரிஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு நீதானே சொன்ன?"

கிண்டலாகச் சொல்லியிருந்தால் தேவலை. நம்பித்தான் சொன்னார்.

வண்டியைத் திருப்பினேன். தாதியிடம் போய்ச் சொன்னேன். அவள் திட்டவில்லை. வேறு களிம்பு கொடுத்து, அந்தச் சவுக்காரத்தை இனிமேல் தொடக் கூடாது என்றாள்.

இப்போது அண்ணியின் கை ஆறிவிட்டது. இறாலும் சாப்பிடுகிறார். நான் கடைச் சவுக்காரம்தான் வாங்குகிறேன். தீபாவளிக்கு அவர் தலையில் எண்ணெய் வைக்கும்போது அந்தக் கையைப் பார்ப்பதில்லை.

அன்று கிளினிக்கிலிருந்து வந்ததும் மிச்சத்தை எடுத்து வீசலாம் என்று அவர் வீட்டுக் குளியலறைக்குள் போனேன். தீபாவளிக் காலை வாசனை அப்படியே இருந்தது. பேப்பர் சுற்றிய கட்டி ஒன்றும் இல்லை. வாளிக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு துண்டு.

கொடுத்தது ஆறு. மீதி அரை.