முன்னறையில் ஊன்றிய இரண்டு குழாய்கள்

தேயிலைக்கு விலை இல்லாமல் போய், நீலகிரியில் ஃபாக்டரிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த காலம் அது. குன்னூரில் ஒரு மேட்டின் மேல் வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவர் பக்கத்து எஸ்டேட்டில் டீ மேக்கர். பச்சை இலை உள்ளே வருவதிலிருந்து தூள் மூட்டையாக வெளியே போவது வரை ஃபாக்டரியில் எல்லாம் அவர் பொறுப்புதான்.

ஒரு மழைக்காலத்தில், இலை வாட்டும் மாடிக்குப் போகிற இரும்புப் படியில் வழுக்கி, முதுகு அடிபட விழுந்துவிட்டார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது. உயிருக்கு ஆபத்தில்லை. கால்களில் உணர்ச்சி இருந்தது, பலம்தான் இல்லை. பயிற்சியை விடாமல் செய்தால் நடக்க வாய்ப்பு உண்டு, விட்டால் இப்போது இருப்பதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். நாங்கள் வீடு வந்து சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஃபாக்டரியையும் மூடிவிட்டார்கள்.

முதலில் பயிற்சிக்காகக் கோயமுத்தூருக்கே போய் வந்துகொண்டிருந்தோம். மலைப்பாதையின் பர்லியார் வளைவுகளில் வண்டி திரும்பும்போதெல்லாம் இவர் பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொள்வார். அங்கே செய்த பயிற்சியின் பலன் ஊர் திரும்புவதற்குள் போய்விடும். ஒருநாள் அங்கே பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் பெண் என்னைத் தனியாக அழைத்தாள். "அக்கா, இப்படி எப்பவாவது வந்தா பத்தாது. தினமும் செய்யணும். உங்க ஊட்டுலயே ஒரு ரூமை ஜிம் மாதிரி மாத்திருங்க" என்றாள். பிடித்துக்கொண்டு நடக்க, நீளவாக்கில் இரண்டு குழாய்கள். கைக்குப் பலம் வர, கதவு நிலையின் மேலே ஒரு கப்பியும் கயிறும். கணுக்காலில் கட்டிக்கொள்ள மணல் பைகள். எதிரே ஆளுயரக் கண்ணாடி. குழாய் இவர் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும் என்று அளவும் எழுதிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"நடந்து எங்க போகோணும்? ஃபாக்டரியே இல்லை" என்றார்.

ஆனாலும் மறுநாளே முன்னறையிலிருந்த சோபாவையும் மேசையையும் வெளியேற்றினேன். இவருடைய பழைய பேன்ட் கால்களை வெட்டி, இரட்டைத் தையல் போட்டு, மணல் நிரப்பி, ஓரத்தில் நாடா வைத்தேன். என் பீரோவின் கண்ணாடிக் கதவைக் கழற்றிச் சுவரில் மாட்டினேன். வீட்டுக்காரரிடம் கெஞ்சி, தரையில் துளை போட அனுமதி வாங்கினேன். குழாய்க்காகத்தான் மார்க்கெட் பக்கம் இருந்த பழைய இரும்புக் கடைக்குப் போனேன்.

அங்கே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும் திரும்பிவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் எங்கள் ஃபாக்டரியில் சங்கத்தை நடத்தியவர். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். ஒரு வேலைநிறுத்தத்தின்போது நடந்த தகராறில், இவர் கொடுத்த புகாரின் பேரில் அவரைப் பல மாதம் வேலைக்கு விடாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். தப்பு யார் மீது என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அதன் பிறகு இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

அவரே என் அருகில் வந்து, "டீ மேக்கர் ஐயாவுக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். குழாய் எதற்கு என்றும் சொன்னேன். கேட்டுவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் போய்விட்டார். நான் குழாய் வாங்காமலேயே திரும்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், தோளில் இரண்டு நீளக் குழாய்களோடு எங்கள் மேட்டில் ஏறி வந்தார். கூட, ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்த இன்னொருவர், கருவிப் பையோடு. நான் கதவைத் திறந்தேன். உள் அறையிலிருந்து குரல் கேட்டு, "யாரு?" என்றார் இவர். சங்கத்துக்காரர் அந்த அறை வாசலில் போய் நின்றார்.

இவர் முகம் சிவந்துவிட்டது. "என்ன, நான் கெடக்கறதப் பாத்துட்டுப் போலாம்னு வந்தியா?"

"இல்லீங்கய்யா. பழசெல்லாம் எனக்கு மறக்கல. ஆனா இப்ப ஃபாக்டரி பூட்டிக் கெடக்கு. கேட்டுக்கு வெளிய நாம எல்லாரும் ஒண்ணாத்தான் நிக்கிறோம்."

"நான் நிக்கலையே" என்றார் இவர்.

அவர் தோளிலிருந்த குழாய்களை இறக்கித் தரையில் வைத்தார்.

"அதுக்குத்தாங்கய்யா வந்திருக்கேன்" என்றார்.

இவர் கண்ணை மூடிக்கொண்டார். போ என்று சொல்லவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவர்கள் முன்னறையில் வேலையை ஆரம்பித்தார்கள். மாலைக்குள் இரண்டு குழாய்களும் இணையாக நின்றன. கதவு நிலையில் கப்பி தொங்கியது. சைக்கிள் பெடல்கள் இரண்டை ஒரு மரச்சட்டத்தில் பொருத்தி, உட்கார்ந்தபடியே மிதிக்கும்படியும் செய்து வைத்தார்கள்.

பல நாள் கெஞ்சலுக்குப் பிறகுதான் இவர் அந்த அறைக்குள் வரவே ஒப்புக்கொண்டார். அன்றைக்கு அவரும் வந்திருந்தார். நாற்காலியிலிருந்து நாங்கள் இருவரும் அக்குளில் கை கொடுத்துத் தூக்க, இவர் குழாய்களைப் பற்றிக்கொண்டு எழுந்தார். எதிரே கண்ணாடி. இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏனுங்க, ஒருக்கா பாருங்க. நீங்க நிக்கறீங்க" என்றேன்.

இவர் கண்ணாடியைப் பார்த்தார். அந்த நொடியில் கீழே படீரென்று ஒரு சத்தம். எங்கள் வீட்டில் பழைய காலத்துப் பலகைத் தரை. மலை ஈரத்தில் உளுத்திருந்த ஒரு பலகை பெயர்ந்து, ஒரு பக்கத்துக் குழாய் வேரோடு பிடுங்கியது போல் சாய்ந்தது. அதோடு சேர்ந்து இவரும் சாய்ந்தார். என் கைக்கு எட்டவில்லை. ஆபரேஷன் செய்த முதுகு தரையில் மோதப்போகிறது என்று நான் அலறியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இவர் தரையில் விழவில்லை. அவர் பாய்ந்து கீழே விழுந்து, தன் மார்பின் மேல் இவரைத் தாங்கிக்கொண்டார். சாய்ந்த குழாய் அவர் கையின் மேல் விழுந்தது.

அவ்வளவுதான், இனி இந்த அறைக்குள் இவர் காலெடுத்து வைக்க மாட்டார் என்று நினைத்தேன். ஆனால் நாற்காலியில் உட்கார வைத்ததும் இவர் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துத்தான், "கை என்ன ஆச்சு? விரல அசை, பாக்கலாம்" என்றார். விபத்துக்குப் பிறகு, தன்னைத் தவிர வேறொருவரைப் பற்றி இவர் கேட்ட முதல் கேள்வி அது.

மணிக்கட்டு வீங்கியிருந்தது. நான் ஈரத்துணி சுற்றிவிட்டேன். இவரோ பெயர்ந்து கிடந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெறும் பலகையில ஆணி எப்படி நிக்கும்? அடியில கட்டை ஓடுது. தட்டிப் பாரு, சத்தம் மாறற எடத்துல போல்ட்டு போடோணும். அடியில இரும்புத் தகடு வெக்கோணும்" என்றார்.

குரலில் பழைய அதட்டல். பல மாதங்களாக எங்கள் வீட்டில் கேட்காத குரல். நான் சமையலறைக்குப் போய், அடுப்பைப் பற்ற வைக்கிற சாக்கில் அழுது தீர்த்தேன்.

மறுபடியும் குழாய்களை ஊன்றியபோது இவர் நாற்காலியில் இருந்தபடியே ஒவ்வொரு போல்ட்டையும் சரிபார்த்தார். திருப்தி இல்லாததைக் கழற்றச் சொன்னார். அவர் வீங்கிய கையோடு முகம் சுளிக்காமல் கழற்றினார். அதற்குப் பிறகு அந்த அறை இவருடையது ஆகிவிட்டது. காலையில் நான் எழுப்புவதற்கு முன்பே கப்பி உருளும் சத்தம் கேட்கும். கால் வராத நாட்களில் குழாயைக் குத்திக் கத்துவார். மறுநாள் மறுபடியும் கட்டிக்கொள்வார் அந்த மணல் பைகளை. ஞாயிறு தவறாமல் அவர் வருவார். சாய்ந்தால் பிடிக்கிற தூரத்தில் பின்னாலேயே நடப்பார். இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. பழைய தகராறு பற்றி ஒரு வார்த்தை என் காதில் விழுந்ததில்லை.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் இவர் ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடந்தார். முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. இடது கால் இன்றும் இழுத்துத்தான் வருகிறது. ஃபாக்டரியும் திறக்கவே இல்லை. இரும்புக் கடையில் இறக்குவதற்கு மூட்டைகளும் குறைந்துபோக, பலரையும் போல அவரும் குடும்பத்தோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்பினார்.

சொல்லிக்கொண்டு போக வந்தவரை இவர் வாசலோடு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். இவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார். அதுவரை படியிறங்கி வீதிக்கு வந்ததில்லை. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பயந்துகொண்டே இறங்க, இவர் எங்களைத் தொடாமல், சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கி ரோட்டுக்கு வந்து நின்றார். பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"அங்க போய்ச் சேந்ததும் எப்படியாவது சொல்லி விடுங்க. கையப் பாத்துக்குங்க. போயிட்டு வாங்க" என்றார்.

ஃபாக்டரியில் இவர் அவரை 'நீ, வா, போ' என்றுதான் கூப்பிடுவார். 'வாங்க' என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். கையெடுத்துக் கும்பிட்டார். வேகமாகத் திரும்பி நடந்துவிட்டார்.

வருடங்கள் பல ஆகிவிட்டன. யார் மீதாவது என் மனம் கசந்துபோகும்போது, அந்த ஆள் என் கண்ணெதிரே சரிந்து விழுந்தால் அந்த ஆளுக்கும் தரைக்கும் நடுவில் நான் போய் விழுவேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். விழுவேன் என்று உறுதியாகச் சொல்லும் துணிவு மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.