பெட்டிக்கு வெளியே ஒரு கச்சான்

அன்று அந்த வீட்டில் ஆறு பேர் இருந்தோம். லண்டனில் இருந்து வந்த யூதக் குடும்பம் நான்கு பேர்: அப்பா, அம்மா, எட்டு ஒன்பது வயதில் ஒரு மகள், இன்னும் ஒரு பல்லும் விழாத சின்ன மகள். அவர்களை வேனில் கூட்டிவந்த, திகன ஊர் முஸ்லிம் டிரைவர்; அண்ணன் முறை வைத்து அவரை நான் நானா என்றுதான் கூப்பிடுவேன். பிறகு நான். வீட்டுக்காரர் கண்டி டவுனில் இருந்தார், ஆனால் போனில் அவர் குரல் வந்துகொண்டே இருந்ததால் அவரையும் சேர்த்து ஏழு என்றுகூடச் சொல்லலாம். இதை ஏன் இவ்வளவு சரியாகச் சொல்கிறேன் என்றால், அன்று காலையில் இருந்து நான் தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். மண் சரிந்தால் யார் யாரைத் தேடவேண்டும் என்று.

பன்விலவுக்கு மேலே, மலையை வெட்டிக் கட்டிய வீடு அது. வெளிநாட்டுக்காரர் வந்து தங்குவதற்கு இரண்டு அறைகள், டிரைவருக்கு ஓர் அறை, எனக்குக் குசினியை ஒட்டிய சின்ன அறை. கூட்டித் துடைப்பது, சமைப்பது, கட்டில் விரிப்பது எல்லாம் நான்தான். மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். வீட்டில் எனக்குக் கீழே மூன்று பேர் இருந்தார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்துக்குப் பின்னாலும் ஒரு மண்மேடு உண்டு. மழை நாட்களில் அம்மா எங்களை நல்ல சட்டையோடு படுக்கவைத்துச் செருப்பைத் தலைமாட்டில் வைப்பாள், ஓடுவதற்கு வசதியாக. அந்தப் பயம் என்னோடேயே வளர்ந்தது. ஒருமுறை காஸ் கசிகிறது என்று நான் போட்ட சத்தத்தில் விருந்தாளிகள் எல்லோரும் துவாயோடு முற்றத்தில் வந்து நின்றார்கள். பக்கத்து வளவில் தூரியன் பழம் வெடித்து நாறிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் இன்றுவரை அதை மறக்கவில்லை.

அந்தக் குடும்பம் வெள்ளி, சனி இரண்டு இரவும் தங்குவதாக வந்தது. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். வெள்ளி பொழுது சாய்வதில் இருந்து சனி பொழுது சாயும்வரை அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள், சுவிச்சைத் தொடமாட்டார்கள், எழுதமாட்டார்கள், காசு எடுக்கமாட்டார்கள், வாகனத்தில் ஏறமாட்டார்கள். சமையலுக்குத் தங்கள் சட்டியையே கொண்டுவந்திருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் அந்த அப்பா வீடு முழுக்க நடந்து, எந்த லைட் எரியவேண்டும், எது அணையவேண்டும் என்று பார்த்து வைத்தார்.

சனி காலையில் நான் பழக்கதோஷத்தில் குளியலறை லைட்டை அணைத்துவிட்டேன். கரண்ட் பில் என்றால் வீட்டுக்காரருக்கு உயிர். சற்று நேரத்தில் அந்த அப்பா குசினி வாசலில் வந்து நின்று, குளியலறை இருட்டாக இருக்கிறது என்றார். நான் தலையாட்டினேன். அவர் போகாமல் நின்றார். நானும் நின்றேன். மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"போட்டு உடுங்க தங்கச்சி. அவங்க 'லைட்டப் போடுங்க' எண்டு வாயால கேக்கமாட்டாங்க. இருட்டா இரிக்கி எண்டு மட்டுந்தான் சொல்லுவாங்க. மத்தத நாமதான் விளங்கிக்கணும்."

"அது என்னங்க நானா, விடுகதையா?"

"விடுகதையும் இரிக்கி. அதுவும் கொண்டுவந்திருக்காங்க. பொறுங்க."

மழை வியாழக்கிழமையில் இருந்தே விடவில்லை. வெளியே போக வழியில்லாததால், அவர்கள் தொழுகையை முடித்துவிட்டு மேசையில் படச்சீட்டுகளைப் பரப்பினார்கள். அவர்களுடைய வேதத்தின் பேர் தோரா. அதை வாரத்துக்கு ஒரு பகுதியாக வருடம் முழுவதும் வாசிப்பார்களாம். ஒவ்வொரு வாரமும் அந்தப் பகுதிக்கு ஏற்றமாதிரி அந்த அம்மா படமும் விடுகதையும் வரைந்து வைப்பாராம். ஒரு மூலையில் சின்னதாக ஒரு பொருள், நடுவில் ஒரு காட்சி; எதைப் பற்றிய படம் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கவேண்டும். பென்சிலால் குறிக்க முடியாது என்பதால் படத்தில் விடை இருக்கும் இடத்தில் ஒரு கச்சான் கொட்டையை, நிலக்கடலையைத்தான், வைப்பார்கள். சரியாக வைத்தால் அதை உரித்துத் தின்னலாம்.

அந்த வாரப் பகுதி நோவாவின் வெள்ளம். "இது எங்கட நூஹு நபிட கத" என்று சொல்லி நானா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் இரவில் போனில் போர்ச் செய்திகள் பார்ப்பவர். பிள்ளைகள் கிட்ட வந்தால் மட்டும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

பெரியவள் என்னையும் கூப்பிட்டாள். முதல் படத்தில் ஒரு நீளமான பெட்டி. ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள், கதவுக்கு ஒரு மிருகம் எட்டிப்பார்த்தது. லயம் என்றேன்; நோவா வெள்ளத்தில் தப்பிய பெட்டியாம் அது. நானா அதை அவர்களுக்கு எப்படி இங்கிலீசில் சொன்னாரோ, அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்தது ஒரு புறா, வாயில் ஒரு சின்னக் கிளை.

"கொழுந்து" என்றேன். "ரெண்டு இலை ஒரு மொட்டு. எங்க வீட்டு ஆளுங்க எல்லாம் பறிக்கிறது."

"தேயில எங்கால அங்க வந்திச்சி? இது ஒலிவ். எங்கட வெரளுக் காய் மாதிரி. வெரளு இல."

"அந்தப் பொண்ணைக் கேளுங்க. நீங்க சொல்றதும் பிழையா இருக்கும்."

ஒலிவ் என்பதுவரை சரி, வெரளு பிழை. என் கொழுந்தும் பிழை. சின்னவள் இரண்டு கச்சானையும் தின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் எனக்கு மழைச் சத்தம் கேட்கவில்லை.

பிறகு கேத்தலை எடுக்கக் குசினிக்குப் போனேன். தரையில், பின்சுவரில் இருந்து அடுப்படிவரைக்கும் ஒரு வெடிப்பு. பெருவிரல் நகம் உள்ளே போனது. முதல்நாள்தான் அந்த இடத்தைத் துடைத்தேன், அப்போது இல்லை. பின்கதவைத் திறந்து பார்த்தேன். மண் சரியாமல் இருக்கக் கட்டிய மதிலில், தண்ணீர் வடிவதற்கென்று ஓட்டைகள் விட்டிருப்பார்கள். நேற்றுவரை அவற்றில் தெளிந்த தண்ணீர் கொட்டியது. இப்போது இரண்டில் ஒன்றும் வரவில்லை, மற்றவற்றில் சேறாக வந்தது. மதிலுக்கு மேலே நின்ற பட்டர்புருட் மரம் வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. கிராம சேவகர் கூட்டம் வைத்துச் சொன்ன மூன்று அடையாளங்களும் ஒன்றாக என் கண்முன்னால். வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தேன்.

"என்ன பிள்ளை, திரும்பவும் தூரியனோ?"

"இல்லங்க ஐயா. குசினித் தரை வெடிச்சிருக்கு. மதில் ஓட்டையில சேத்துத் தண்ணி வருது."

"அந்த வெடிப்பு வீடு கட்டின நாள் தொடக்கம் கிடக்கு. சும்மா ஆக்களைப் பயப்படுத்தாதேங்கோ. ரெண்டு நாள் புக்கிங், விளங்குதோ? அவையள் போய்க் கூடாமல் எழுதிப்போட்டால் பிறகு ஆர் வருவினம்?"

"நீங்க ஒரு தடவை வந்து பாத்தீங்கன்னா..."

"இந்த மழைக்குள்ளையோ?"

நானாவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். வெளியே போய்ச் சேற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"ஒங்கட பயத்த நான் நம்பமாட்டன் தங்கச்சி. ஆனா இந்தத் தண்ணிட நிறம் எனக்கும் புடிக்கல்ல."

"கீழ பள்ளிக்கூடத்துக்குப் போயிருவோங்க. ஏத்திக்கிட்டுப் போங்க."

"எப்பிடி ஏத்துற? சனிக்கிழமையில இவங்க என்ட வேன்ல கைகூட வெக்கமாட்டாங்க. இந்த மாதிரி ஆக்கள எத்தன தடவ கூட்டி வந்திருக்கன்."

"நடந்து?"

"சின்னவள வெச்சிக்கிட்டு, இந்த மழையிலயா?"

போங்கள் என்று நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் மாட்டோம் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் எனக்கு ஒரு சொல்லும் இல்லை. போகிறோம் என்று சொல்லி, பிறகு ஒன்றும் நடக்காவிட்டால் வீட்டுக்காரர் என்னை அன்றே அனுப்பிவிடுவார். லைட்டுக்கே இவ்வளவு யோசிப்பவர்களிடம் வாகனத்தில் ஏறு என்று எப்படிச் சொல்வது? கேத்தல் தண்ணீர் கொதித்து ஆறும்வரை அந்த வெடிப்பின் பக்கத்திலேயே நின்றேன். அது இன்னும் அகன்றதா என்று நகத்தை வைத்து வைத்துப் பார்த்தேன்.

கடைசியில் மேசைக்குப் போனேன். சீட்டுகளில் ஒன்று, மழையில் ஒரு குடும்பம் வரிசையாகப் பெட்டிக்குள் ஏறும் படம். அதை எடுத்து அந்த அப்பாவுக்கு முன்னால் வைத்தேன். பெட்டியின் வாசலில் ஒரு கச்சானை வைத்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில், பின்னால் தரை வெடித்திருக்கிறது, தண்ணீர் சேறாக வருகிறது என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் குளியலறையைப் பற்றிச் சொன்ன மாதிரி.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்திருக்கவேண்டும். பெரியவள்தான் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, அந்தக் கச்சானைப் பெட்டி வாசலில் இருந்து எடுத்துச் சீட்டுக்கு வெளியே, வெறும் மேசையில் வைத்தாள். ஏதோ சொன்னாள்.

"என்னவாம் நானா?"

"அவங்க உள்ளுக்குப் போய்த் தப்பினாங்களாம். நாம வெளியதான் போகணுமாம்."

அந்த அப்பாவின் முகம் மாறியது. எழுந்து குசினிக்குப் போனார். திரும்பி வந்தபோது விரலில் ஈரமண். அவர் வாய் திறப்பதற்குள் அந்த அம்மா சின்னவளுக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நானா குடையை எடுத்து நடக்க ஆயத்தமானார். அந்த அப்பா அவரைத் தாண்டிப் போய், வேன் கதவைத் தன் கையாலேயே இழுத்துத் திறந்தார்.

"சேர், சனிக்கிழமை" என்றார் நானா.

அவர் பதில் சொன்னதை நானா பாதி வழியில்தான் எனக்குச் சொன்னார். "உசிருக்கு ஆபத்து எண்டா எல்லாம் செய்யலாமாம். செய்யாம இரிக்கிறதுதான் குத்தமாம். நீங்க நேராச் சொல்லியிருந்தா அப்பவே எழும்பியிருப்பாராம்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தலைகளை எண்ணினேன். ஆறு.

பள்ளிக்கூட மண்டபத்தில் தோட்டத்துக் குடும்பங்கள் சில முதலே வந்திருந்தன. படச்சீட்டுகள் வீட்டு மேசையிலேயே கிடந்ததால் பெரியவள் வாயால் விடுகதை போட்டாள், நானா தமிழில் சொன்னார்: பெட்டியிலயும் ஏறல்ல, வெள்ளத்துல சாகவும் இல்ல, அது ஆரு? மீன் என்பதுதான் விடை. ஒரு தோட்டத்துப் பெண்பிள்ளை எழுந்து, "வாத்து" என்றாள். மண்டபமே சிரித்தது. அந்த அப்பா மட்டும் நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தார். பிறகு, வாத்து எத்தனை நாளைக்குச் சாப்பாடில்லாமல் நீந்தும் என்று அவளையே திருப்பிக் கேட்டார்.

பொழுது சாய்ந்து வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்தால் அவர்களுடைய ஓய்வு நாள் முடிந்ததாம். அன்று மேகம்தான் தெரிந்தது. மண்டபத்து மணிக்கூட்டைப் பார்த்துக் காத்திருந்துவிட்டு, ஒரு சின்னப் பாட்டுப் பாடி முடித்து, அந்த அப்பா பணப்பையை எடுத்தார். இரண்டு இரவுக்கும் எவ்வளவு என்று கேட்டார். நான் ஓர் இரவுக் கணக்கை மட்டும் சொன்னேன்.

நானா என் பக்கம் குனிந்தார். "முழுசா வாங்குங்க. தாற காச வேணாங்கிற ஆள இப்பதான் பாக்குறன். ஐயாக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"நான்தானே நானா எழுப்பி விட்டேன். தங்காத ராத்திரிக்கு எப்படி வாங்குறது?"

"ஒங்களுக்குப் பைத்தியம்."

மறுநாள் அவர்கள் கண்டிக்குப் போனார்கள். மழை விட்டது. மண் விழவில்லை.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்காரர் வந்தார். வெடிப்பின்மேல் சப்பாத்துக் காலை வைத்து இரண்டு தரம் மிதித்துப் பார்த்தார். "விழேல்லைத்தானே, பிள்ளை" என்றார். ஓம் ஐயா என்றேன். விழுந்திருந்தால் நான் சொன்னது சரியாகியிருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காகப் பிறகு பயந்தேன். அவர் ஆள் பிடித்து வெடிப்புக்குச் சீமெந்து பூசினார். மரத்தை வெட்டுவித்தார். என் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். இரண்டாம் இரவுக்கு வரவேண்டிய காசு அது.

நான் இன்னும் அந்தக் குசினியை ஒட்டித்தான் படுக்கிறேன். மழை பெய்தால் நல்ல சட்டையோடு படுத்து, செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறேன். பூசிய சீமெந்தின் நடுவே இப்போது மயிர் போல ஒரு கோடு ஓடுகிறது. அது வெடிப்பா, பூசினவர் கைபட்ட தடமா என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, முதலில் கடன் தீரட்டும் என்று இருக்கிறேன். போன மாதம் பிடித்தது போக, இன்னும் பதினான்காயிரத்து ஐந்நூறு ரூபா பாக்கி.