அண்ணன் எஞ்சின் பூட்டிய படகு

அண்ணன் இல்லாமல் ஒரு வருடத்தை எப்படியோ கடத்திவிட்டோம். இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் ஒப்புக்கொண்டேன்.

அண்ணன் பிறந்தது அவிநாசிபாளையத்தில். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போனார். வட்டமாகச் சுற்றித் துணி பின்னும் நிட்டிங் மிஷின்களைப் பூட்டிச் சரிபார்க்கும் பிட்டராக முப்பது வருடம். என்னையும் அங்கேயே உதவிக்குச் சேர்த்துக்கொண்டார். தங்கையின் கல்யாணம் முடிந்த பிறகுதான் தன் கல்யாணத்தை யோசித்தார். புது மிஷின் இறக்கினால் சாய்வில்லாமல் நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் சுவிட்சைப் போட மாட்டார். எங்காவது கடகடத்தால் அவருக்குச் சோறு இறங்காது. "சத்தம் வருதுன்னா எங்கியோ லூசுன்னு அர்த்தம் சாமி" என்பார்.

கம்பெனியிலிருந்து நின்ற பிறகு வந்ததுதான் படகு. தங்கை வீட்டுக்காரர், எங்கள் மாப்பிள்ளை, குண்டடம் பக்கம் ஒரு குளத்தில் மீன் குத்தகை எடுத்திருந்தார். பழைய பைபர் படகு ஒன்றையும், பின்னால் மாட்டும் எஞ்சின் ஒன்றையும் வாங்கி வந்து, "மிஷின்னா நம்ம மச்சான்தானுங்க" என்று அண்ணனிடம் ஒப்படைத்தார். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் படகைத் தொட்டதில்லை. அண்ணன் படகைக் கட்டைகள் மேல் ஏற்றி, ரசமட்டம் பிடித்து, எஞ்சினை நேராக நிறுத்திப் பூட்டினார்.

முதல் இரண்டு நாள் நன்றாகவே ஓடியது. பிறகு வேகம் எடுத்தால் மூக்கைத் தூக்கித் தூக்கித் தண்ணீரில் அடித்தது. திருப்பினால் இடது பக்கம் சரிந்தது. அண்ணன் எஞ்சினின் சாய்வைக் குறைக்க, அதைத் தாங்கும் இரும்புப் பின்னை ஒரு துளை தள்ளிப் போட்டார். பெட்ரோல் டாங்கை முன்பக்கம் நகர்த்தினார். தண்ணீரைத் தள்ளும் விசிறியைக் கழற்றி வேறு மாட்டினார். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் சரியானது போல இருக்கும். மறுநாள் பழையபடி. ஆனால் ஒரு வாரம் கரையில் வெயிலில் போட்டுவிட்டு இறக்கினால், ஒன்றும் செய்யாமலேயே நேராகப் போகும். அதுதான் எங்களைக் குழப்பியது.

"எதைத் தொட்டதால சரியாச்சு, எதைத் தொடாததால கெட்டுப்போச்சுன்னே தெரியலியே கண்ணு" என்றார் ஒருநாள். ஒரு மிஷினைப் பற்றித் 'தெரியலை' என்று அவர் சொல்லி நான் கேட்டது அப்போதுதான்.

அந்த வாரமே, வலையோடு திரும்பும்போது படகு சரிந்து மாப்பிள்ளை தண்ணீரில் விழுந்தார். இடுப்பளவுத் தண்ணீர்தான். எழுந்து நின்று, "ஏனுங்க மச்சான், இதென்ன பனியன் மிஷினுன்னு நெனச்சுட்டீங்களா, வட்டம் சுத்துது?" என்றார். அண்ணனும் சிரித்தார். ஆனால் போகிற விசேஷத்திலெல்லாம் மாப்பிள்ளை இதைச் சொன்னார். "தண்ணிக்கே ரசமட்டம் புடிச்ச ஆளுங்க எங்க மச்சான்!" பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் அதன் பிறகு விசேஷங்களுக்கு அண்ணியை மட்டும் அனுப்பினார்.

பிறகு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "படகுல பின்னால இருக்கற பலகைய ஒருக்காக் கழட்டிப் பாரு சாமி. மாப்பிள்ளைகிட்ட ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம்" என்றார். மறுநாள் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பலகையைக் கழற்றினேன். உள்ளே இடது மூலையில் வேஸ்ட் துணி, தண்ணீரில் ஊறிக் கறுத்துக் கிடந்தது. ஒரே ஆளாக என்னால் இழுக்க முடியவில்லை. படகின் அடியில் இருந்த பழைய விரிசலில் கசிந்த தண்ணீரையெல்லாம் அதுதான் குடித்திருந்தது. ஓட ஓடக் கனம் கூடும். வெயிலில் கிடந்தால் காயும்.

அந்தத் துணியை வைத்தவன் நான். படகை முதலில் இறக்கிய நாளில் அந்தப் பலகை கடகடத்தது. அண்ணனுக்குச் சத்தம் ஆகாதே என்று, அவர் டீ குடிக்கப் போயிருந்தபோது இரண்டு பை துணியைத் திணித்து ஸ்க்ரூ போட்டேன். கம்பெனியில் எது ஆடினாலும் பனியன் வேஸ்டைத்தான் அடைப்போம். அப்புறம் அதை மறந்தேனா, சொல்லக் கூச்சப்பட்டேனா என்று எனக்கே இப்போது சரியாகத் தெரியவில்லை. அண்ணனுக்குத் தெரிந்திருந்ததா? சொல்ல வேண்டாம் என்றது தனக்காகவா, எனக்காகவா? அதுவும் தெரியவில்லை.

விரிசலை அடைத்து, துணி இல்லாமல் படகை இறக்கினேன். எஞ்சின் அண்ணன் கடைசியாக வைத்த நிலையிலேயே இருந்தது. மாப்பிள்ளை ஓட்டிப் பார்த்துவிட்டு, "கம்பி மாதிரி போகுதுங்களே! என்னங்க பண்ணுனீங்க?" என்றார்.

"அண்ணன் சொன்னதைச் செஞ்சேனுங்க" என்றேன்.

"அவரு இருக்கறப்பவே செஞ்சிருந்தா நான் குளிச்சிருக்க மாட்டேனே!" என்று சிரித்தார். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இரவு பகலாக உடனிருந்த கம்பெனித் தோழர்களுக்கும், சோறு கொண்டுவந்து தந்த பக்கத்து வீட்டாருக்கும், காரியத்துக்கு வந்து நின்ற சொந்தபந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ரத்தம் கொடுக்க ஓடி வந்தவர் மாப்பிள்ளை. அவருக்குத் தனியாக நன்றி. அவரும் இதைப் படிப்பார். அண்ணன் பூட்டிய எஞ்சினில் குற்றமில்லை. அடுத்த பந்தியில் அவர் இந்தக் கதையைச் சொல்லும்போது, என்னைக் காட்டிச் சொல்லட்டும். நான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பேன்.