சூடு காட்டும் முள்

பிள்ளைகளா, பெரியப்பா ஏன் நம் ஜீப்பை ஓட்டுவதே இல்லை என்று கேட்டீர்கள். கண் சரியில்லை என்று சொன்னேன். அது பொய். நேரில் சொன்னால் மழுப்பிவிடுவேன் என்பதால் எழுதி வைக்கிறேன்.

ஜீப்பில் இருந்த பழைய கேசட் செட்டு பாடுவதை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது. ஸ்கிரீன் வைத்த செட்டு வேண்டும், போனில் இருக்கும் பாட்டெல்லாம் அதில் கேட்க வேண்டும் என்றீர்கள். குலசாமி கும்பிடப் போவதற்குள் போட்டுவிடலாம் என்று அருப்புக்கோட்டைக்கு ஓட்டிப் போனேன். உங்கள் மேல் பழி போடவில்லை. எனக்கும் ஆசைதான்.

பழைய ஓட்டை ஒரு சாண் நீளம், மூன்று விரல் உயரம். புதுச் செட்டுக்கு உயரம் இரண்டு மடங்கு வேண்டும். கடைக்காரர் டேஷ்போர்டுத் தகரத்தைப் பொறி பறக்க அறுத்தார், அரம் போட்டுத் தேய்த்தார். பிறகு ஒயர் தேடினார். சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்டு வருகிற ஒயர் வேண்டுமாம். இல்லாவிட்டால் வண்டி நிற்கும்போதும் செட்டு பேட்டரியைக் குடித்துவிடுமாம்.

"இந்த முள்ளு ஓடுதாண்ணே?" என்று எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைத் தொட்டார்.

"ஓடுது. எப்பவும் நடுவுலதான் நிக்கும்."

"அப்பச் சும்மாதான நிக்குது. இதோட ஒயர எடுத்துக்கிறேன். அடுத்த வாரம் வாங்க, வேற இழுத்துக் குடுத்துர்றேன்."

செட்டு பாடியது. முள் அடியில் படுத்துக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டேதான் வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

அடுத்த வாரம் போகவில்லை. அண்ணனிடம் சொல்லவும் இல்லை. தகரத்தை அறுத்ததற்கு என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவரோ, "ஏலே, சினிமாக் கொட்டகையவே உள்ள வச்சுட்டியா? இனி ரோட்ட யாரு பாப்பா?" என்று சிரித்தார். திட்டவில்லையே என்ற நிம்மதியில் மற்றதை விட்டுவிட்டேன்.

மூன்றாம் வாரம் அண்ணன் கொத்தமல்லி மூட்டை ஏற்றிக்கொண்டு தனியாகப் போனார். பரளச்சி தாண்டியதும் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துத் தண்ணீரெல்லாம் போய், எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தார். அங்கே வேறு நிழல் கிடையாது.

"முள்ளு அடியிலதான்லே கெடந்துச்சு. வண்டி நல்லாக் குளுந்து ஓடுதுன்னு நெனச்சேன்" என்றார். "நீ பாத்துக்க. தொண்ட வறளுது, டீக்கடை வரைக்கும் போயிட்டு வாரேன்."

அவர் தலை மறைந்ததும் நான் ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்தேன். முள்ளுக்குப் போகும் அறுத்த ஒயரின் முனையைப் பல்லால் உரித்து, செட்டு ஒயரோடு சேர்த்து முறுக்கினேன். மூன்று வாரமாகத் தள்ளிப்போட்ட வேலை. ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

அண்ணன் திரும்பி வந்த பிறகு, பாளையம்பட்டியிலிருந்து மெக்கானிக் பைக்கில் வந்து சாவியைத் திருப்பினார். முள் விறுவிறுவென்று சிவப்புக் கோட்டுக்குப் போனது.

"முள்ளு சரியாத்தான சொல்லுது அண்ணாச்சி. நீங்க பாட்டுக் கேட்டுக்கிட்டே வந்தீகளா?"

அண்ணன் குனிந்து, கண்ணை இடுக்கி, முள்ளையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் மூட்டையின் தையலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வயசாயிருச்சுல்ல" என்றார்.

அந்த வாரமே கண்ணைக் காட்டப் போனார். வயதுக்கு ஏற்ற பார்வைதான் என்றார்களாம். இருந்தாலும் கண்ணாடி வாங்கிக்கொண்டார். எஞ்சின் வேலை முடிந்து வண்டி வந்த அன்று சாவியை நீட்டினேன். வாங்கவில்லை.

"நீயே வச்சுக்கலே. அன்னைக்கு மூட்டையோட போச்சு. பிள்ளைகள ஏத்திக்கிட்டுப் போறப்ப இப்பிடிப் பாக்காம விட்டேன்னா?"

நீட்டிய சாவியை என் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டேன். அதிலிருந்து திருச்சுழிக்குப் போவதானாலும் பஸ்ஸுதான். ஊரில் எல்லாரையும்விட நன்றாக வண்டி ஓட்டுகிறவர், இரண்டு வருடமாகத் தன் கண்ணையே நம்பாமல் இருந்தார்.

போன வாரம் பஸ் ஸ்டாப்பில் அவர் பக்கத்தில் போய் நின்று சொல்லிவிட்டேன். "அண்ணே, அன்னைக்கு முள்ளு அடியிலதான் கெடந்துச்சு. நீங்க டீக்கடைக்குப் போன பெறகு ஒயர மாட்டுனது நான்தான்."

ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப நான் பாத்தது சரிதான?"

"சரிதாண்ணே."

கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பஸ் வந்தது. எப்போதும் 'வாரேன்லே' என்று சொல்லித்தான் ஏறுவார். அன்று சொல்லாமல் ஏறினார்.

வீட்டுக்கு வந்தேன். நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். ஜீப்பில் ஏறி டிரைவர் சீட்டின் அடியில் கையை விட்டு, கொக்கியைத் தூக்கி, சீட்டை இரண்டு பல் பின்னால் தள்ளி வைத்தேன். பெரியப்பாவுக்குக் கால் நீளம்.