எஃப் அவருடைய டிபார்ட்மென்ட்

அருளப்பன் போய்விட்டார்.

எங்கள் சனிக்கிழமை கிட்டார் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில்தான் பார்த்தேன். கீழே வரிசையாக RIP... கைகூப்பும் படங்கள். மூன்று எழுத்தில் ஒரு மனிதரை அனுப்பிவைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் வகுப்பு. பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுவே வயதானவர்கள் இரண்டே பேர். நானும் அவரும்.

என் கணவர் காலமான பிறகு வீட்டில் ஏதாவது சத்தம் வேண்டியிருந்தது. அதற்காகச் சேர்ந்தேன். கிள்ளானிலிருந்து ரயிலேறி வரும் அருளப்பன் ஏன் சேர்ந்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் மனைவியை இழந்தவர். கேட்க என்ன இருக்கிறது...

முதல் நாளே என்னை "அக்கா" என்று கூப்பிட்டார்.

"நான் உங்களுக்கு அக்கா இல்லை. மிஸஸ் நடராஜா."

"சரிங்க மிஸஸ்," என்றார். பெயரை விட்டுவிட்டார். பல வாரம் திருத்திப் பார்த்தேன். கடைசிவரை வெறும் மிஸஸ்தான்.

கிட்டாரில் கம்பிகளைச் சேர்த்து அழுத்தி எழுப்பும் ஒவ்வொரு ஒலிக்கும் ஓர் ஆங்கில எழுத்துதான் பெயர். சி வாசிக்க, மூன்று விரல்களையும் ஒன்றோடொன்று இடிக்காமல் வளைத்து வைக்க வேண்டும். அருளப்பனுடையது துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கை. அந்தத் தடித்த விரல்களில் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து அமுங்கிவிடும். சி அவருக்கு வரவே இல்லை.

எனக்கு எஃப் வராது. ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்க வேண்டும். என் விரலில் அந்தப் பலம் இல்லை. அவர் வைத்தால் மணி மாதிரி கேட்கும்.

ஆண்டு விழாவுக்கு எங்கள் இருவருக்கும் ஒரே பாட்டைக் கொடுத்தார்கள். அதில் இரண்டுமே இருந்தன.

"மிஸஸ், எஃப் என் டிபார்ட்மென்ட். சி உங்க டிபார்ட்மென்ட். மத்ததெல்லாம் சேர்ந்து வாசிப்போம். யாருக்குத் தெரியப் போவுது லா?"

"இது ஏமாற்று வேலை."

"ஷிஃப்ட் வேலை, மிஸஸ்."

ஒத்திகையில் எங்கள் ஆசிரியை கண்டுபிடித்துவிட்டார். "அங்கிள், ஆன்டி... ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளா?" என்று கேட்டுச் சிரித்தார். விழாவில் யாரும் கவனிக்கவில்லை. எஃப் வரும்போது நான் கையை எடுத்துவிட்டு அவரைப் பார்ப்பேன். சி வரும்போது அவர் என்னைப் பார்ப்பார். அவ்வளவுதான்.

வீட்டில் தனியாக வாசிக்கும்போதும் எஃப் வரும் இடத்தில் சும்மா இருந்துவிட்டு மேலே போவேன். சனிக்கிழமை நிரப்ப ஆள் இருந்ததால் அந்த வெற்றிடம் என்னைத் தொந்தரவு செய்ததில்லை.

வகுப்பு முடிந்தால் கீழே பக்கத்துக் கடையில் தே தாரேக், நுரை ததும்பும் பால் டீ. ஆவி பறக்கும் கிளாஸை இடது கை விரல் நுனிகளால் தூக்கிக் காட்டுவார். கம்பி அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன நுனிகள். "பாருங்க மிஸஸ், சுடல!" குழந்தை மாதிரி. பொது இடத்தில் இதெல்லாம் என்ன பழக்கம் என்று கடிந்துகொள்வேன்...

நேற்று கிள்ளானுக்குப் போனேன். வீட்டு முன்னால் கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலிகள். வாசலில் அவருடைய மருமகன்.

"வாங்க ஆன்டி. நீங்க எந்த சைட்? அத்தை சைடா?"

என்ன சொல்வது? சொந்தம் இல்லை. கூட வேலை செய்தவள் இல்லை. அவர்கள் மாதாகோயிலுக்குப் போகிறவர்கள், நான் முருகன் கோயிலுக்குப் போகிறவள். இந்த வயதில் ஓர் ஆணுக்கு நான் சிநேகிதி என்று வாசலில் நின்று எப்படிச் சொல்வது...

"கிட்டார் கிளாஸ்," என்றேன்.

"ஓ, டீச்சரா! முன்னால வந்து உட்காருங்க டீச்சர்."

தவறு காதில் விழுந்தால் அந்த இடத்திலேயே திருத்துகிறவள் நான். திருத்தவில்லை. டீச்சருக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி இருந்தது.

ஜெபம் தொடங்கும் நேரம் மருமகன் மறுபடி வந்தார். கையில் அருளப்பனின் கிட்டாரும் ஒரு பாட்டுத்தாளும். "டீச்சர், வாசிக்க வேண்டியவரு ஃபெடரல் ஹைவே ஜாம்ல மாட்டிக்கிட்டாரு. இந்த ஒரு பாட்டு மட்டும் வாசிங்களேன். மாமாவுக்காக."

தாளைப் பார்த்தேன். முதல் வரியிலேயே எஃப்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"எனக்கு எஃப் வராது," என்றேன்.

"டீச்சருக்கா?"

"நான் டீச்சர் இல்லை, தம்பி. நானும் அங்க படிக்கிறவதான். எஃப் வந்தா அவர்தான் வாசிப்பார்."

சவப்பெட்டியின் தலைமாட்டில் இருந்த அவர் மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதான் மிஸஸ்ஸா?"

தலையசைத்தேன்.

"அப்பா வீட்டுல வாசிக்கும்போது நடுவுல நடுவுல நிறுத்திருவாரு, ஆன்டி. ஏம்ப்பா நிறுத்துறீங்கன்னு கேட்டா, 'அது மிஸஸ் டிபார்ட்மென்ட்'ம்பாரு. சும்மா ஜோக்கடிக்கிறாருன்னு நெனச்சோம்..."

அவரும் நிறுத்திக்கொண்டிருந்தாரா. எனக்கு அதுவரை தெரியாது.

கிட்டார் இல்லாமலேயே பாடினார்கள். நான் மகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது ரயிலில் ஆசிரியையின் செய்தி. "ஆன்டி, எஃப் இல்லாத பாட்டு நிறைய இருக்கு. சனிக்கிழமை ஒண்ணு எடுக்கலாமா?" நல்ல பெண். நன்றி, இப்போது வேண்டாம் என்று பதில் போட்டேன்.

இன்று காலை எங்கள் பாட்டை எடுத்தேன். எஃப் வந்தது. கையை எடுத்துவிட்டு, வழக்கம்போலப் பக்கத்தில் பார்த்தேன்...

போய் வாருங்கள், அருளப்பன். சி என்னிடம் இருக்கிறது.

மிஸஸ்