ஹவாயா, ஸ்பானிஷா?

போன ஞாயிற்றுக்கிழமை ஆதம்பாக்கத்திலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு தி. நகருக்குக் கிட்டார் வாங்கப் போனேன். ஒன்பதாவது படிக்கிறாள், இதுதான் முதல் கிட்டார். கடைக்காரரை அவள் விடவில்லை. நைலான் கம்பி நல்லதா, ஸ்டீல் நல்லதா, என் கைக்கு இது பெரிசா என்று கேட்டுக்கொண்டே ஐந்தாவது கிட்டாரை மடியில் வைத்திருந்தாள். நான் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கடை முழுக்கப் புது வார்னிஷ் வாசனை. இருபது வயதில் நான் வாங்கிய கிட்டாரும் இப்படித்தான் மணக்கும்.

அப்போது மந்தைவெளியில் கார் சீட் தைக்கும் பட்டறையில் வேலை. அஞ்சாவதோடு படிப்பு நின்றவன், யாரிடமும் எதையும் கேட்க எனக்கு வராது. ஓட்டலில் சர்வர் வரிசையாகச் சொன்னால் முதல் பெயரையே நானும் சொல்லிவிடுவேன். அந்த வருஷங்களில் நான் தின்றதெல்லாம் இட்லிதான்.

கிட்டாரையும் அப்படித்தான் வாங்கினேன். லஸ்ஸில் ஒரு பழைய கடை. "ஹவாயா, ஸ்பானிஷா?" என்று கேட்டார் கவுண்ட்டரில் இருந்த பெரியவர். என்ன வித்தியாசம் என்று கேட்டிருக்கலாம். ஹவாய் என்றேன்.

நாலு மாதம் பாடுபட்டேன். கம்பி கட்டையை விட்டு அவ்வளவு உயரத்தில் நிற்கும். அமுக்கி அமுக்கி விரல் நுனி கிழிந்தது, மறுநாள் ஊசி பிடிக்க முடியாது. கிட்டார் என்றால் இப்படித்தான், நம் விரல்தான் லாயக்கில்லை என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் தைக்கும் சேகர் என் கையைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, கிட்டார் வாசிக்கிறியா, மீன் அறுக்கிறியா?" என்பான்.

சாந்தோம் பக்கம் ஒரு சர்ச்சில் வாசிக்கும் பீட்டரை அவன்தான் கூட்டிவந்தான். பீட்டர் ஒரு பார்வைதான் பார்த்தான்.

"மச்சி, இத்த அமுக்கவே கூடாது. மடியில படுக்கவச்சி, இரும்புத் துண்டால தேச்சி வாசிக்கணும். இது ஹவாய், வேற."

சேகர் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. பீட்டர் சிரிக்கவில்லை. கழுத்து நுனியில் இருக்கும் சின்னக் கட்டையை மாற்றினால் கம்பி இறங்கிவிடும், வாங்கின கடையிலேயே செய்து தருவார்கள், போய்ச் சொன்னால் போதும் என்றான்.

மூன்று சனிக்கிழமை போனேன். தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று அந்தப் பெரியவரிடம் எப்படிச் சொல்வது? எதிர்ப்பக்கம் நின்று டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். பிறகு கிட்டார் பரணுக்குப் போனது. கல்யாணமாகி வீடு மாறியபோது அங்கேயிருந்தும் எங்கோ போனது.

"அப்பா, இதை அமுக்கிப் பாரேன்" என்று மகள் கிட்டாரை நீட்டினாள். என் சுண்டுவிரலுக்கே கம்பி இறங்கிக் கொடுத்தது. "நல்லாக் கீதும்மா" என்றேன்.

நேற்று லஸ் பக்கம் ஒரு வேலை. ரோட்டைக் கடந்து நேராக அந்த இடத்துக்கே போய்விட்டேன். இப்போது அங்கே மூக்குக் கண்ணாடிக் கடை. வாசலில் நின்ற பெண்ணிடம், முன்னே இங்கே கிட்டார் விற்பார்களே, அந்தக் கடை எங்கே போனது என்று நானாகவே கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. பாவம், உள்ளே போய் இன்னும் இரண்டு பேரை விசாரித்துவிட்டு வந்தாள். அப்படி ஒரு கடை இருந்ததே அங்கே யாருக்கும் தெரியவில்லை.